கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம்

என் சரோஜாவுக்கு,

அருவங்காட்டில் இரண்டு நாளாக நல்ல வெயில். உன் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். நீ இருந்திருந்தால், "நல்லாப் பிழியலீங்க" என்றிருப்பாய்.

குன்னூர் மார்க்கெட்டில் நீ விழுந்த நாள் இன்னும் உறுத்துகிறது. குனிந்து கேரட் பொறுக்கியவள் நிமிர்ந்தாய், அப்படியே சரிந்தாய். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. கூட்டம் கூடியதில் எனக்கு வெட்கம். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்: "டாக்டருக எல்லாம் ஒண்ணுமில்லைங்கறாங்க. வேணும்னே பண்றியா?" நீ கேரட்டைக் கழுவப் போய்விட்டாய்.

கோயம்புத்தூர் நரம்பு டாக்டரம்மாதான் உன்னைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். நின்றதும் மளமளவென்று இறங்கியது. இன்னும் சில பரிசோதனைகள் முடிந்த பிறகு சொன்னார்: "நரம்பு செல்லுக்குள்ள ஒரு புரதம் கட்டி கட்டியாச் சேருதுங்க. ரத்த அழுத்தம், வேர்வை, சிறுநீர் எல்லாத்தையும் நாம நினைக்காமலே பார்த்துக்கிற நரம்புக ஒண்ணொண்ணா அழியுது. அபூர்வமான நோய். குணப்படுத்த மருந்து இன்னும் இல்லீங்க."

நான் தலை குனிந்திருந்தேன். நீ என் கையைப் பிடித்தாய். "ஏனுங்க, நான் நடிக்கலைன்னு தெரிஞ்சுதுங்களா? அது போதுமுங்க."

எப்படி சரோ, அவ்வளவு சீக்கிரம் மன்னித்தாய்?

எழுந்து நிற்கும் முன் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். தினமும் காலையில் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடம் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசினோம். கல்யாணத்துக்கு முன் நீ நர்ஸாக ஆசைப்பட்டாய் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. குரல் தேய்ந்த பிறகு உன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். போன ஐப்பசியில் ஒரு காலை, அதே இடத்தில், என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாய். நோய் தெரிந்த பிறகு கிடைத்த அந்த நான்கு வருடங்களுக்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வது?

ஒரு சேதி. எதிர்வீட்டு மல்லிகா இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். "வேலைக்குப் பயந்துட்டு நாடகம் போடறாளுங்ணா" என்றான் அவள் வீட்டுக்காரன். எனக்கு என் குரலே கேட்டது. அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "நிக்க வெச்சும் பிரஷர் பாருங்க" என்று கேட்டேன். உன் நோய் இல்லை. அவள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் அளவு கூடிப்போயிருந்தது. குறைத்ததும் சரியாகிவிட்டது. நேற்று உன் படத்துக்குப் பூ கொண்டுவந்தாள்.

இனி என் எதிரில் யார் "முடியலை" என்றாலும், காரணம் தெரியட்டும் என்று காத்திருக்க மாட்டேன், சரோ. முதலில் நம்புவேன்.

உன் வீட்டுக்காரன்,
முருகேசன்