ஒரே எண்ணில் இரண்டு வீடு

செவ்வாய்க் கோள், நாள் 611, 07:20
இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் முத்துமாலை. நான்காம் அலைக் கோபுரத்து எல்லையில் கணினி உதிரிபாக வியாபாரம். தனி ஆள். இன்று புழுதிப் புயல், கடை அடைப்பு. வீட்டுக் கணினியின் நெட்வொர்க் கார்டு தடுமாறுகிறது. சரக்கில் மூன்று இருக்கின்றன. கடையில் வேகத்தைச் சொல்லித்தான் விற்பேன். எனக்கென்றால் சூடேறக் கூடாது, இயக்கி மென்பொருள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்புக் கார்டை எடுத்துக்கொண்டேன்.

நாள் 611, 07:52
நான்கே நிமிடத்தில் மாற்றியாயிற்று. இங்கே மூச்சுக் காற்று தரும் இயந்திரம் வாடகைக்கு. வீட்டுக் கணினி தலைமை நிலையத்தோடு பேசிக்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். பத்து நிமிடம் பேச்சு நின்றால் பூட்டிக்கொள்ளும், நிலையத்து ஆள் நேரில் வந்துதான் திறக்க வேண்டும். பூட்டினால் ஒரு மணி நேரத்தில் வீட்டு மின்சாரமும் நின்றுவிடும். புதுக் கார்டில் என் பழைய பதிவெண்ணை எழுதினேன். நிலையம் அந்த எண்ணைத்தான் அறியும்.

நாள் 612, 11:05
ஏழாம் கோபுரம் புயலில் சாய்ந்தது. அதன் வீடுகளின் இணைப்பை எங்கள் கோபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து என் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது.
வானொலியில் வடிவு. அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஏழாம் கோபுரத்து எல்லையில் தனியாகப் பாசி வளர்ப்பவள். என்னிடம் கார்டு வாங்கியவள்.
"அண்ணாச்சி, லைன் வருது, போவுது. ஒங்க சரக்க குத்தம் சொல்லல. என்னத்த மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க."
பார்க்கிறேன் என்றேன்.

நாள் 612, 11:40
காரணம் எனக்குத் தெரியும். புதுப் பதிவெண் வர எட்டு மாதம் ஆகும். அதுவரை காத்திருக்கச் சொன்னால், கார்டு வாங்க வந்த வடிவு வேறு இடம் போயிருப்பாள். என் எண்ணையே அவள் கார்டில் எழுதிக் கொடுத்தேன். நான் நான்காம் கோபுரம், அவள் ஏழாம் கோபுரம், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். இப்போது ஒரே கோபுரத்தில் ஒரே எண்ணில் இரண்டு வீடு. கடைசியாகக் குரல் கொடுப்பவர் பக்கம் இணைப்பு சாய்கிறது.

நாள் 612, 13:10
ஐந்து நிமிடம் எனக்கு, ஐந்து அவளுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். தானாக மாறும்படி எழுத எனக்கு வராது, கையால்தான் செய்ய வேண்டும். புயல் இன்னும் இருபது நாள் என்கிறார்கள், அதுவரை நிலையத்திலிருந்து யாரும் வர முடியாது. ஒருவர் கண்ணயர்ந்தால் முடிந்தது. அதற்கும் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.
கார்டின் அமைப்பைத் திறந்தேன். கோபுரத்துக்குக் கார்டு குரல் கொடுக்கும் அறிவிப்பு இடைவெளி முப்பது நொடி என்றிருந்தது. ஒரு நொடி ஆக்கினேன். அவள் கார்டில் அந்த வசதி கிடையாது. மலிவாகக் கேட்டாள், மலிவாகக் கொடுத்தேன்.

நாள் 612, 13:31
"அண்ணாச்சி, இப்ப சுத்தமா போயிட்டு. ஏழு நிமிசம் ஆச்சு."
"அணைச்சு வச்சுட்டு, பத்து நிமிசம் கழிச்சுப் போடும்மா." வாடிக்கையாளர் எவருக்கும் நான் சொல்லும் பதில்தான்.
"மெசின் பூட்டிக்கிடாதா?"
"பூட்டாதும்மா. நான் சொல்லுதேம்லா."
"சரி அண்ணாச்சி."

நாள் 612, 13:44
"போட்டுட்டேன் அண்ணாச்சி. மெசின் ஓடலியே."
வானொலியின் ஒலியைத் தாழ்த்தினேன், அணைக்கவில்லை.

நாள் 612, 19:00
மத்தியானச் சோறு அப்படியே இருக்கிறது. வானொலியில் இரைச்சல் மட்டும். அறிவிப்பு இடைவெளியைத் திரும்ப முப்பது நொடியாக வைத்துப் பார்த்தேன். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை.