இடிக்குப் பிளக்கைக் கழற்றும் ஊர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

கம்பெனியின் எல்லாக் கிளைகளும், வீட்டிலிருந்து வேலை செய்யும் என் இணைப்பும், கிளவுடில் உள்ள ஒரே ஹப் என்ற மையத்தின் வழியாகத்தான் இணைகின்றன. ஒரு மணி நேரம் பதில் தராத இணைப்பை, மூடிய கிளை என்று எண்ணித் தானாகவே அழித்துவிடும் ஸ்கிரிப்டை, அந்தச் சிறு நிரலை, நான்தான் எழுதினேன். கொழும்புத் தலைமையகத்தில் பாராட்டினார்கள்.

இன்று பின்னேரம் இடி இடித்ததும் அம்மா வழக்கம்போல ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டார். கஹவத்தைக் கிளையிலும் ஓப்பநாயக்கவிலும் அதையேதான் செய்திருக்கிறார்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்த எனக்கு, எழுதும்போது அது தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழிந்ததும் முதலில் அழிந்தது என் வீட்டு இணைப்பு. அது இல்லாமல் ஹப்புக்குள் போக முடியாது. ஸ்கிரிப்டை நிறுத்தும் அனுமதியோ என்னிடம் மட்டும்தான். வேறு யாரும் கை வைக்க வேண்டாம் என்று நானே கேட்டு வாங்கியது.

"இடி நின்னுருச்சு, இப்ப போட்டுக்கம்மா," என்றார் அம்மா. போட்டேன். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது; ஹப் மட்டும் திறக்கவில்லை.

பலாங்கொடைப் பக்கம் மறுபடியும் இடிக்கிறது. அங்குள்ள எங்கள் கிளையிலும் யாரோ பிளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.