அப்பாவின் எண்ணும் உன் எண்ணும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான். உன் சுகத்தை ரிப்போர்ட் சொல்லித் தெரிந்துகொள்ளாமல் உன் வாயால் கேட்கத்தான் ஆசை.

நீ அனுப்பிய தாளை நான்கு முறை படித்தேன். களைப்பாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனவனுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல் என்று வந்தால் யாருக்கும் தலை சுற்றும்தான், ஆனால் எனக்கு அழுகைக்கு முன்னால் கேள்விதான் வந்தது, அது என்னிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்தா என்று தேடினேன், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாம், சண்டை போடக்கூட வழியில்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒரு லிஃப்ட் ரிப்பேர் முடித்த கையோடு, சாயங்காலம் நாலு மணிக்கு, என்னிடம்கூடச் சொல்லாமல் லேபுக்குப் போய்த் தன் டெஸ்டோஸ்டிரோனை, அதுதான் அந்த ஆண் ஹார்மோனை, பார்த்துவிட்டு வந்தார். உன் எண்ணைவிடக் கம்மி! "பாத்தியா, பையன் என்னை முந்திட்டான், அவனுக்குப் போய் குறைன்னு எழுதியிருக்காங்க" என்று ஒரே குஷி. ரத்தம் எடுத்த பெண்ணிடம் போய்க் கேட்டோம். "அக்கா, இது காலையில ஏறியிருக்கும், சாயங்காலம் இறங்கிடும், சார் நாலு மணிக்கு வந்தா வேற எப்படி இருக்கும், பையனோடது காலை எட்டு மணி ரத்தம்" என்று சிரித்தாள். பிறகு உன் தாளில் எல்.எச். என்ற வரியைக் காட்டினாள், மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி விரைக்கு அனுப்பும் உத்தரவாம் அது, உனக்கு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. அப்போதுதான் அப்பா முகம் மாறியது. "லிஃப்ட் மேல போகுதுதான், ஆனா அதுக்கு எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு பாரு" என்றார். நீ இத்தனை நாள் "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னதெல்லாம் எனக்கு அந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிட்டது.

உனக்குப் போடச் சொன்ன டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றியும் படித்தேன். களைப்புக்கும் எலும்புக்கும் நல்லதாம். ஆனால் உன்னைப் போன்றவர்களில் சிலருக்கு விந்தில் இல்லாவிட்டாலும் விரைக்குள் தேடினால் விந்தணு கிடைக்கிறதாம், ஊசி தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு குறையக்கூடுமாம், அதனால் குழந்தை வேண்டுமா என்பதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடச் சொல்கிறார்கள். அதை நீ ஒருவனாக முடிவு செய்ய முடியாதப்பா. போன வாரம் மருமகள் போன் செய்தாள். "அத்தை, என்கிட்ட ஏதாவது குறையா, அவரு ஏன் ஒதுங்கியே இருக்காரு" என்று கேட்டாள். நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டேன், அது உன் உடம்பு, நீதான் சொல்ல வேண்டும். "அவனே சொல்லுவாம்மா" என்று மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இருவரும் நிறைவாக வாழ எங்கள் ஆசி. ஊசி பதினெட்டாம் தேதி என்றாயே, அதற்கு முன் ஒரு நாள் டாக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போ. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அம்மா