இடது ஓரத்துக்கு ஓர் ஆள்

நெமிலிச்சேரி
4.5.2025

அன்புள்ள ஜெகா,

ஃபோனில் கேட்டால் குரல் கெஞ்சிவிடும், அதனால்தான் காகிதம். நீயும் நம்ம ஃபுட்பால் கிளப்புக்கு மேனேஜர் ஆனதிலிருந்து எப்போது அடித்தாலும் மீட்டிங்கில்தான் இருக்கிறாய்.

இந்த மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. வயது முப்பத்துநான்கு, முழங்காலில் ஓர் ஆபரேஷன். தெரிந்துதான் கேட்கிறேன், இன்னும் ஒரு வருஷம் கொடு. வீட்டுக்காரி திவ்யா விடிந்ததும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறாள். மகள் காவ்யா ஸ்கூல் லீவுக்குச் சித்தி வீட்டில். சீசன் முடிந்ததிலிருந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். மைதானத்தை விட்டால் எனக்குப் பேச ஆளில்லை மச்சான்.

பன்னிரண்டு வருஷம் உன் இடது பக்கம் நின்றவன்,
கன்னியப்பன்

அம்பத்தூர்
9.5.2025

அன்பு கன்னியப்பா,

மூன்று தடவை படித்தேன். பட்டியலில் இருபத்தாறு பேருக்குத்தான் இடம். பழைய ஆட்களைக் கட்டி அழுதுவிட்டு நல்ல பையன்களை வேறு கிளப்புக்கு விட்டுக்கொடுத்தோம் என்று நிர்வாகம் என்னைக் குடைகிறது. இடது ஓரத்தில் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக்குக்கு மிச்சம் ஒரே இடம், அதற்கு நீயும் கிஷோரும். அவனுக்குப் பத்தொன்பது.

தினமும் அவனோடு ஓடியவன் நீ. அவன் தயாரா என்று எழுதி அனுப்பு. 'இன்னும் ஒரு வருஷம் ஆகும்' என்று எழுதினால், அதை வைத்து உனக்காகப் பேசுவேன்.

உன்,
ஜெகா

நெமிலிச்சேரி
14.5.2025

அன்புள்ள ஜெகா,

நீ சொன்ன மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

கிஷோர் தயார். போன சீசனில் நான் திரும்பி ஓடிவர முடியாத இடத்திலெல்லாம் அவன் வந்து நின்றான். பெஞ்சில் உட்காரவைத்தால் பையன் வீணாகிவிடுவான். "அண்ணாத்தே, நீ பின்னால கீறன்னாதான் நான் தைரியமா மேல ஏறுவேன்" என்பான். அவனுக்கு மாற்று ஆளாக என்னை வைத்துக்கொள்ளேன். பெஞ்ச் ஆனாலும் சரி.

முடியாது என்றாலும் நீயே வீட்டுக்கு வந்து சொல்லு. நண்டுக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
கன்னியப்பன்

அணி மேலாளர் அலுவலகம்
27.5.2025

திரு. கன்னியப்பன் அவர்களுக்கு,

தங்கள் ஒப்பந்தம் 31.5.2025 உடன் நிறைவடைகிறது. அது நீட்டிக்கப்படவில்லை. வீரர் கிஷோர் குறித்துத் தாங்கள் அளித்த மதிப்பீட்டின் அடிப்படையில் இம்முடிவு எடுக்கப்பட்டது. இதுவரையிலான பங்களிப்புக்கு நன்றி.

ஜெகதீசன்
அணி மேலாளர்

நெமிலிச்சேரி
2.6.2025

ஜெகதீசனுக்கு,

கொரியரில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கிஷோரை எடுத்தது சரிதான். நானே எழுதியது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீ வாயால் சொல்லவேண்டியதை என் கையால் எழுதவைத்துக்கொண்டாய். அது வலிக்கிறது. அம்பத்தூரிலிருந்து இங்கே அரை மணி நேர ரயில். திவ்யா தினமும் "ஜெகா அண்ணன் இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள். நீ நேரில் வருவாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதத்தை இன்னும் அவளிடம் காட்டவில்லை. காலையில் அவள் கிளம்புமுன் பிராக்டீஸுக்குப் போவதுபோல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

நேற்று கிஷோர் வந்தான். என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். என் இடத்தை எடுத்துக்கொண்டவனுக்கு இருந்த தைரியம் உனக்கு இல்லை.

இனி நீ வரவேண்டாம்.

கன்னியப்பன்