மழைக்காலத்துக்கு நிறுத்திய மோட்டார் சைக்கிள்

புஷ்பவல்லி,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நான் ராயபுரம் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பேன். நானாகவே போகிறேன். குண்டானில் கஞ்சி இருக்கிறது, குடி.

மழை ஓயும்வரை மோட்டார் சைக்கிளை யாரும் எடுக்க வேண்டாம். டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் ஒரு சொட்டு விடாமல் பெட்ரோலை வடித்துவிட்டேன். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறேன். எஞ்சின் இறுகாமலிருக்க, எதிர்வீட்டு பாஸ்கர் வாரம் ஒருமுறை கிக்கரை மிதிப்பான். பெட்ரோல் டின் கொல்லையில் இருக்கிறது. அடுப்பருகே கொண்டு வராதே.

எண்ணூர் மணல் ரேஸில் என்னிடம் தோற்ற ஆத்திரத்தில்தான் உன் அண்ணன் ஏகாம்பரம் நேற்று மத்தியானம் வண்டிமேல் பெட்ரோலை ஊற்றித் தீப்பெட்டியை எடுத்தான். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். ஸ்பேனரால் அவன் கையை உடைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அவன் விழுந்த பிறகும் அடித்தேன். "வுடுய்யா, எங்க அண்ணன் செத்துடும்" என்று நீ ஓடிவந்து குறுக்கே விழுந்தாய். காதில் விழுந்தும் நிறுத்தவில்லை. அடுத்த அடி உன் தோளில் இறங்கியது. அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. ஸ்டேஷனில் அதையும் சொல்வேன்.

திருமலை

தாளின் ஓரத்தில்தான் இனி இடமிருக்கிறது: ஜாமீனுக்காக யாரிடமும் கெஞ்சாதே. என்னைப் பார்க்க மனம் வராவிட்டால் வராதே. ஏன் என்று கேட்க மாட்டேன்.