திரும்பி வந்த முப்பத்திரண்டு கார்கள்

பாவா,

அக்காவின் கணவர் என்றும் பாராமல் இரண்டு வருடமாக உங்களோடு பேசவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் செய்த மின்சாரக் கார் முதன்முதலாகத் திருத்தணி மலை ஏறியபோது, அரக்கோணத்திலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஒரே வருடத்தில் முப்பத்திரண்டு கார்கள் விற்றோம். அடுத்த கோடையில், பேட்டரி அளவுக்குமீறிச் சூடாவதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

"ஒண்ணு விடாம திருப்பி வாங்கிடணும். கம்பெனி போனா போவட்டும்டா" என்றீர்கள்.

"நம்ம கம்பெனிய நீங்களே கவுக்கறீங்க பாவா!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீங்கள் வீடு வீடாகப் போய்க் கார்களை ஓட்டிவந்தீர்கள். கம்பெனியை மூடினோம்.

ஒரு காரை மட்டும் பிரிக்க மனமில்லாமல், அவ்வப்போது சார்ஜ் போட்டு ஷெட்டிலேயே வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அது தானாகத் தீப்பிடித்து எரிந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

அது பொதட்டூர்பேட்டை கோமளவல்லி டீச்சரின் கார். தன் இரண்டு பிள்ளைகளையும் தினமும் அதில்தான் பள்ளிக்கு அழைத்துப்போவார்.

காலையில் அங்கே போனேன். டீச்சரும் பிள்ளைகளும் சிரித்துப் பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆடிக் கிருத்திகைக்கு அக்காவோடு வாருங்கள். நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உங்கள் மச்சான்