நாற்பத்தொரு நாள் விருப்பக்குறி வாராமையால் மூண்ட போரை நிறுத்தும் ஓலை

நுரையாற்றின் வடகரை ஆள்பவரும், நெல்லும் கரும்பும் தம் பெயர் சொல்லி வளரப் பெற்றவரும், என்னோடு ஒரே ஆசிரியரிடம் ஒரே பிரம்பால் அடி வாங்கியவருமான ஆற்றூர் மன்னர் இளநாகர் திருமுன்னர்க்கு, தென்கரைக் கருங்குன்ற நாட்டு வேந்தனும், பதினொரு யானைக்கு அதிபதியும் (இரண்டுக்குக் கால் வலி), கைபேசியில் நாற்பதாயிரவர் பின்தொடரும் பெரும்புகழ் உடையவனுமாகிய விறல்வேள் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை வேண்டிய மட்டும் பெய்து, மிஞ்சியது எங்கள் பக்கம் ஒதுங்குக. அரசியார் நலம், ஏரி நலம், குடிகள் நலம் யாவும் பெருகுக.

நிற்க. ஏழு நாளாக என் படை தங்கள் கரைக்கு எதிரே கூடாரம் அடித்திருக்கிறது. ஏன் வந்தது என்று தங்கள் அமைச்சர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதாகக் கேள்வி. காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது; ஆயினும் அரசன் பொய் எழுதலாகாது. நாற்பத்தொரு நாளாக என் பதிவு ஒன்றுக்கும் தாங்கள் விருப்பக்குறி இடவில்லை. பட்டத்து யானை குளித்த படத்துக்கு இல்லை. நான் குளித்த படத்துக்கும் இல்லை, அதையாவது மன்னிக்கலாம். என் பிறந்தநாள் செல்ஃபிக்குமா இல்லை? அவையைக் கூட்டினேன். நட்பு முறிந்ததன் அறிகுறி என்றார் தலைமை அமைச்சர். படையெடுப்பின் முன்னோட்டம் என்றார் படைத்தலைவர். அரசி நறுங்கோதை மட்டும், "என்னங்க, நீங்க கெளம்புறது போருக்கா, இல்ல ஒரு லைக்குக்கா?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டாள். நான் காதில் விழாததுபோல் கைபேசியைப் பார்த்தேன். அது எனக்குக் கைவந்த கலை.

படையோடு தூதர் கோடனாரையும் அனுப்பினேன். தங்கள் மௌனத்துக்குக் காரணம் கூறுக, இன்றேல் களம் காண்க என்பது செய்தி; என்ன மௌனம் என்பதை வெட்கத்தால் விட்டுவிட்டேன். அவர் மூன்று நாள் முன் மீண்டு வந்து உரைத்ததாவது: தாங்கள் நண்பகல் உணவுக்குப்பின் ஒரு நாழிகை மட்டுமே கைபேசியைத் தொடுகிறீர்களாம், அரச காரியம் முடிந்ததும் அதை அரசியாரின் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடமே தந்துவிடுகிறீர்களாம், முதற் பத்து நாள் உறக்கத்திலும் கட்டைவிரல் மெத்தையைத் தள்ளிக்கொண்டே இருந்ததாம், இப்போது அடங்கிவிட்டதாம். ஆக, தாங்கள் என்னைப் பகைக்கவில்லை. பார்க்கவே இல்லை! பகைத்திருந்தாலாவது மனம் ஆறியிருப்பேன்.

இத்தோடு நில்லாமல் கோடனார் கண் கலங்கினார். முப்பதாண்டுத் தூதுப் பணியில், தாம் சொன்ன செய்தியை முதலிலிருந்து முடிவுவரை முகம் பார்த்துக் கேட்ட ஒரே மன்னர் தாங்கள்தாம் என்றார். அதை அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டு முறை கீழே குனிந்து பார்த்துவிட்டேன் என்பதையும் இவ்வோலையில் பதிந்து வைக்கிறேன்.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது அடுத்து வந்தது. மாலைதோறும் ஆற்றங்கரையில் ஆடுபுலி ஆட்டமாமே? எதிரே அமர்வது தோணிக்காரர் முத்திருளாண்டியாமே? அங்கே பேசியதைச் சொல் மாறாமல் சொல்லும்படி ஆணையிட்டேன். ஏன் இட்டேன் என்று இன்றுவரை வருந்துகிறேன். "ராசா, புலியக் கொண்டாந்து மூலையில உக்கார வச்சிட்டீரே! இனிமே அதுக்குக் கூழுதான்!" என்றாராம் அவர். "அட போய்யா, நீரு ஒரு ஆட்ட மடிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீரு!" என்றீராம் நீர். இருவரும் மேலாடை நழுவச் சிரித்தீர்களாம்.

இளநாகரே, 'தாங்கள்' எல்லாம் இனி வேண்டாம். ஆட்டத்தில் உமக்கு எதிரே உள்ள இடம் என் இடம். ஆசிரியர் உறங்கும் பகலெல்லாம் கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து உம்மோடு ஆடியவன் நான். தோற்கும்போதெல்லாம் கோட்டைக் காலால் அழித்தவனும் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். உமக்கு ஓய்வு கிடைத்ததே என்று மகிழ வேண்டியவன், மூன்று நாளாக வயிறு எரிகிறேன். படையைத் திருப்பி அழைக்கவும் தோன்றாமல், நாற்பதாயிரம் பேரையும் ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என்னோடு ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர் ஒருவர்கூட இல்லை.

கடைசியாகக் கோடனாரிடம், என்னைப் பற்றி ஏதேனும் கேட்டாரா என்றேன். சிறுவயதில் மதிலிலிருந்து விழுந்து அடிபட்ட என் இடது முழங்கால் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறதா என்று கேட்டீராம். வலிக்கிறது ஐயா. இதைக் கேட்க இந்த நாட்டில் ஆளில்லை; முழங்காலைப் படம் பிடித்து ஏற்றியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

ஆகவே ஆணைகள் பிறக்கின்றன. வடகரை நோக்கிய படை இன்றே கலைக. (கலைப்பதும் எளிதன்று, வீரர் பாதிப்பேர் உம் கரையைப் பின்னணியில் வைத்துக் காணொளி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.) கருங்குன்ற வேந்தன் நாளொன்றுக்கு ஒரு நாழிகைக்கு மேல் கைபேசியைத் தொடலாகாது, தொட்டால் தண்டனையை அரசி நறுங்கோதை முடிவு செய்வாள். நேற்றே இது நடைமுறைக்கு வந்தது. நேற்றே குளியலறைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் அகப்பட்டேன். தண்டனை, இரவு உணவின்போது அவளிடம் அன்றைய நாளைப் பற்றி முழுதாகச் சொல்வது. சொல்லத் தொடங்கிய பிறகுதான், சொல்ல ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, தன் நாளைச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. இன்று இவ்வோலை எழுதும் நேரத்துக்குள் ஐந்து முறை இடுப்பைத் தடவினேன். அங்கே வாள்தான் இருந்தது.

வளர்பிறை ஐந்தாம் நாள் நான் ஒருவனே, வெறுங்கையோடு, அக்கரை வருவேன். கடத்திவிடுவது அந்த முத்திருளாண்டியின் தோணிதான் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. வேறு தோணி இல்லையாம். நான் கரையேறியதும் அவர் உமக்கு எதிரே உள்ள இடத்தை விட்டு எழ வேண்டும். இது என் ஆணை. அவர் உம் குடி, என் ஆணை அவரைக் கட்டாது என்பதும் தெரியும். அவர் எழ மறுத்தால் வற்புறுத்த வேண்டா. நான் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறேன். ஐந்தாண்டாக ஊரார் உண்பதையும் ஆடுவதையும் தொலைவிலிருந்தே பார்த்தவனுக்கு, உம் தோளில் இடித்துக்கொண்டு பார்ப்பதே பெரும் பதவி உயர்வு. ஆனால் உமக்கு யோசனை சொல்வேன். அதைத் தடுக்க எந்தப் படையாலும் ஆகாது.

இவ்வோலையைப் படம் பிடித்து எங்கும் ஏற்றாதிருக்க வேண்டுகிறேன்.

கருங்குன்றத்து முத்திரை இட்டோம். ஆணை இட்டவனும் அடங்க வேண்டியவனும் விறல்வேள். சாட்சி, சாவி கையில் உள்ள நறுங்கோதை.